பத்தாவது புள்ளைகளுக்கு பிசிக்ஸ் நெசமாவே புரிஞ்சிருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றது

காரைக்குடி பக்கத்துல ஒன்பதாவது, பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்குறேன், சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலயும் நாலஞ்சு புள்ளைக வந்து உக்காரும். போன வருஷம் நடந்த ஒண்ணை மொதல்ல சொல்லிடுறேன். கிளாஸ்ல முதல் மார்க் எடுக்குற பொண்ணு, நியூட்டனோட மூணு விதியையும் ஒரு எழுத்து பிசகாம எழுதும், விசை கணக்கு எது குடுத்தாலும் போட்டுரும். ஒரு நாள் அஞ்சு ரூவா காயினை மேல சுண்டி விட்டுட்டு, "கையை விட்டு கெளம்பிருச்சும்மா, இன்னும் மேல தான் போயிக்கிட்டு இருக்கு, காத்தைக் கணக்குல எடுக்காத, இப்ப அது மேல என்னென்ன விசை இருக்கு?"ன்னு கேட்டேன்.

"கை குடுத்த விசை மேல பாத்து, புவியீர்ப்பு கீழ பாத்து சார். கை விசை தான் பெருசு, அதான் மேல போகுது."

உச்சியில? "ரெண்டும் சமம் சார், அதான் ஒரு செகண்டு நிக்குது." கீழ வரும்போது? "கை விசை தீந்துருச்சு சார்."

எவ்வளவு கோர்வையா சொல்லுது பாருங்க. ஆனா காயின் கையை விட்ட நொடியில இருந்து திரும்ப கைக்கு வர்ற வரைக்கும் அது மேல இருக்குறது புவியீர்ப்பு மட்டும் தான், உச்சியிலயும் முடுக்கம் கீழ பாத்து அதே 9.8 தான். அந்தப் பொண்ணுகிட்ட நியூட்டன் விதியும் இருக்கு, அதுக்கு நேர் எதிரான ஒரு கருத்தும் இருக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்ததே இல்ல. சயின்ஸ் பரீட்சையில எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25, அந்த 100-ல எங்கயும் அதுக ரெண்டும் மோதிக்கிற மாதிரி கேள்வி வர்றது அபூர்வம். நாம வைக்க வேண்டிய டெஸ்ட் அந்த மோதலை உண்டாக்குற டெஸ்ட் தான், புள்ளைக்குப் பாடம் தெரியுமான்னு பாக்குறதை விட அது மனசுல ஏற்கெனவே என்ன உக்காந்திருக்குன்னு வெளிய எடுக்குறது.

இது நம்ம ஊரு புள்ளைகளோட குறைன்னு நினைச்சுறாதீங்க. அமெரிக்காவுல டேவிட் ஹெஸ்டனெஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் மூணு பேரும் 1992-ல ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்ட்டரின்னு ஒரு டெஸ்ட் வெளியிட்டாங்க, 1995-ல திருத்தின பதிப்புல 30 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ஆப்ஷன், கணக்குப் போட வேண்டிய வேலையே கிடையாது. ஹார்வர்டுல எரிக் மசூர்ங்குற புரொபசர் இந்த மாதிரி கேள்விகளைத் தன்னோட ஸ்டூடண்ட்ஸ்க்கு குடுத்தப்போ ஒரு பொண்ணு எழுந்து, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி எழுதவா, நான் வழக்கமா யோசிக்கிற மாதிரி எழுதவான்னு கேட்டுச்சாம். ஹார்வர்டுலயே அப்படின்னா நம்ம புள்ளைகளைக் கோவிச்சு என்ன பண்றது.

சரி, எப்படிப் பண்றதுன்னு வருவோம்.

கேள்வியில நம்பர் இருக்கக் கூடாது. நம்பர் இருந்தா புள்ளைக உடனே ஃபார்முலாவைத் தேடும், யோசிக்காது. அதோட அவங்க தொட்டுப் பாத்த பொருளா இருக்கணும். நான் எப்பவும் கெணத்துல இருந்து தான் ஆரம்பிக்கிறது. "உருளையில கயிறு போட்டு ஆச்சி ஒரு வாளி தண்ணியை ஒரே சீரான வேகத்துல மேல இழுக்குறாக. வாளியை மேல இழுக்குற கயித்து விசை, வாளியோட எடையை விடப் பெருசா, சின்னதா, சமமா?" முக்கால்வாசிப் பேரு பெருசுன்னு தான் எழுதுவாங்க, பெருசா இல்லாட்டி எப்படி சார் மேல வரும்னு நம்மளையே கேப்பாங்க. சீரான வேகம்னா முடுக்கம் இல்ல, முடுக்கம் இல்லன்னா மொத்த விசை பூஜ்யம், அப்ப ரெண்டும் சமம். கிளப்பும்போது மட்டும் கொஞ்ச நேரம் கூட இழுக்கணும், அவ்வளவு தான்.

இதைச் சொல்லிட்டு விட்டுறாதீங்க, காட்டுங்க. லேப்ல இருக்குற சுருள்வில் தராசுல ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைத் தொங்க விட்டு, ஒரு புள்ளையை விட்டு மெதுவா மேல தூக்கச் சொல்லுங்க. கிளம்புற எடத்துல முள்ளு துள்ளும், அப்புறம் கிட்டத்தட்ட பழைய எடத்துக்கே வந்து நிக்கும். கையால தூக்குனா முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், அப்ப "பாத்தியா ஆடுது"ன்னு புள்ளைக வாதம் பண்ணும், அதனால நூலை ஒரு உருளை மேல போட்டு நிதானமா இழுக்க விடுங்க. ஆனா பாக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன் பதிலைப் பேப்பர்ல எழுதியிருக்கணும், எழுதாத பய பாத்துட்டு நான் இதைத் தான் நினைச்சேன்னு சொல்லிருவான், அவன் பொய் சொல்லல, நெசமாவே அப்படித் தான் அவனுக்குத் தோணும்.

ஆப்ஷனை நீங்களா உக்காந்து கற்பனை பண்ணாதீங்க. இது ரொம்ப முக்கியம். முதல் தடவை ஆப்ஷன் இல்லாம கேள்வியை மட்டும் குடுங்க, ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, இருபது முப்பது பேப்பர் வந்ததும் ஒரே மாதிரி தப்பை எல்லாம் ஒரு கட்டா கட்டுங்க. நாலு கட்டு தான் வரும், அதுக்கு மேல வராது, ஏன்னா புள்ளைக ஏனோதானோன்னு தப்பு பண்றது இல்ல, ஒரே யோசனை தான் திரும்பத் திரும்ப வரும். அந்த நாலு கட்டையும் அவங்க எழுதின வார்த்தையிலயே ஆப்ஷனா போடுங்க. "கை விசை தீந்துருச்சு"ங்குற மாதிரி ஒரு வரியை நாம எழுத முடியாது, ஒரு புள்ளை தான் எழுதும். அதைப் பாத்ததும் இன்னொரு புள்ளைக்கு நம்ம மனசுல இருக்குறது இதானேன்னு தோணும், கையும் தானா அங்க போகும்.

ஆப்ஷனுக்குக் கீழ "ஏன்?"னு ஒரு கோடு, அதுக்கும் கீழ "எனக்கு நிச்சயமாத் தெரியும் / ஓரளவு / குத்துமதிப்பா போட்டேன்"னு மூணு கட்டம். சரியான பதில் போட்டுட்டு தப்பான காரணம் எழுதுற புள்ளைக இருக்கு, அதுக மேல தான் அதிகக் கவனம் வேணும். தப்பான பதில் போட்டு நிச்சயம்னு டிக் அடிச்சிருந்தா அது தெரியாமை இல்ல, உறுதியான ஒரு வேறு கருத்து. தப்பு போட்டு குத்துமதிப்புன்னு டிக் அடிச்ச புள்ளைக்கு ஒரு தடவை சொல்லிக்குடுத்தா போதும். ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் பண்ணக் கூடாது. மார்க் போடாதீங்க, அதை முன்னாடியே சொல்லிடுங்க, மார்க் உண்டுன்னா புள்ளை நினைக்கிறதை எழுதாது, நமக்குப் பிடிச்சதை எழுதும்.

வெப்பத்துக்கு நம்ம ஊருலயே அருமையான பொருள் இருக்கு. ஆத்தங்குடிக் கல்லு, தரையில பதிக்கிற சிமெண்ட் கல்லு. வெறுங்காலோட வளவுக்குள்ள நடந்தா ஜில்லுன்னு இருக்கும், அதே நேரத்துல தேக்குக் கதவைத் தொட்டா அந்த ஜில்லு இல்ல. "ராத்திரி முழுக்க ஒரே ரூம்ல கிடந்த கல்லு, தேக்குப் பலகை, ரெண்டுல எதோட வெப்பநிலை கம்மி?"ன்னு கேளுங்க. கல்லுன்னு தான் சொல்லுவாங்க, ஏன்னா கால் சொல்லுது. ரெண்டும் ஒரே வெப்பநிலை தான், கல்லு நம்ம கால்ல இருக்குற வெப்பத்தை மரத்தை விட வேகமா இழுத்துக்குது, அதனால கால் குளிருது. இதை நான் முதல்ல தரையில பதிச்ச கல்லுலயே தெர்மாமீட்டர் வச்சுக் காட்டப் போயி சிக்கலாயிருச்சு, பகல்ல தரை நெசமாவே ரூம் காத்தை விடக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், அடியில மண்ணு இருக்குல்ல. அதனால மிச்சம் கிடக்குற தனிக் கல்லு ஒண்ணை எடுத்து, பலகையோட சேர்த்து மேசை மேல ராத்திரி பூரா வச்சிருங்க. காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் ஆகாது, லேப் தெர்மாமீட்டர் வேணும், ரெண்டு மேலயும் குமிழை வச்சு துணி போட்டு மூடி பத்து நிமிஷம் விடுங்க.

அடுத்து தான் விசேஷம். ஒரே அளவு ஐஸ் கட்டி ரெண்டு, ஒண்ணு கல்லு மேல, ஒண்ணு பலகை மேல. எது முதல்ல உருகும்? ஜில்லுன்னு இருக்குற கல்லு மேல ஐஸ் அப்படியே நிக்கும்னு அடிச்சுச் சொல்லுவாங்க. கல்லு மேல இருக்குற ஐஸ் கண்ணு முன்னாடி கரைஞ்சு ஓடும், பலகை மேல இருக்குறது உக்காந்திருக்கும். அந்த நேரத்துல கிளாஸ் அமைதியாகும் பாருங்க, அப்ப நீங்க பேசாதீங்க. ஒரு நிமிஷமாவது பேசாதீங்க. நான் பல வருஷம் அந்த எடத்துல அவசரப்பட்டு விளக்கம் சொல்லிட்டேன், புள்ளைக யோசிக்க வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கிட்டேன்.

நம்ம பேச்சு வழக்கையும் கவனிக்கணும், தமிழ்ல இது தனியா ஒரு சிக்கல். "அந்த மோட்டார் ரொம்ப கரண்ட்டு சாப்பிடுது", "கரண்ட்டு பில்லு"ன்னு தான் வீட்டுல பேசுறோம். அப்ப புள்ளை மனசுல கரண்ட்டுங்குறது செலவாகிப் போற பொருள். மீட்டர்ல ஓடுற யூனிட் மின்னோட்டம் இல்ல, ஆற்றல், ஒரு யூனிட்டுன்னா 36 லட்சம் ஜூல். கடையில எடை போடுறோம் கிலோவுல, பாடத்துல எடை நியூட்டன்ல. "ஹீட்டு" ஒரே சொல்லு வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும். நான் ஒரு நோட்டுல இந்த மாதிரி வீட்டுப் பேச்சு வார்த்தைகளை எழுதி வச்சிருக்கேன், ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு கேள்வி பொறக்கும்.

கரண்ட்டுக்கு இப்படி: ஒரே மாதிரி ரெண்டு டார்ச் பல்பு, தொடரிணைப்புல, ரெண்டு செல். எது பிரகாசமா எரியும்? முதல்ல இருக்குற பல்பு கரண்ட்டை எடுத்துக்கும், மிச்சம் தான் அடுத்ததுக்குப் போகும்னு நிறைய பேர் எழுதுவாங்க. போட்டுக் காட்டுங்க, ரெண்டும் ஒரே மாதிரி எரியும். அப்புறம் செல்லைத் திருப்பிப் போட்டா என்ன ஆகும்னும் கேளுங்க. இதுக்கு எல்ஈடி வேணாம், திருப்பிப் போட்டா எரியாது, வேற கதை ஆயிரும், பழைய இழை பல்பு தான் வேணும், ஒரே பாக்கெட்ல இருந்து எடுங்க. அப்பவும் ஒண்ணு கொஞ்சம் மங்கலா எரிஞ்சா ரெண்டையும் எடம் மாத்தி மாட்டுங்க, மங்கல் பல்போட போகும், எடத்தோட போகாது. செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்குற ஊரு இது, 1948-ல நேரு அடிக்கல் நாட்டின எடம், பேட்டரி ஆராய்ச்சி நடக்குற ஊருல நம்ம புள்ளை பல்புக்குள்ள கரண்ட்டு தீந்து போகுதுன்னு நம்பிக்கிட்டே பத்தாவது முடிச்சுப் போறது எனக்கு மனசு ஒப்பல.

ஒளியியலுக்கு ஒரே கேள்வி போதும்: குவிலென்ஸால ஜன்னலோட பிம்பத்தைப் பேப்பர்ல விழ வச்சுட்டு, லென்ஸை அட்டையால பாதி மறைச்சா பிம்பம் என்ன ஆகும்? பாதி பிம்பம் போயிரும்பாங்க. முழு பிம்பமும் இருக்கும், மங்கலா.

கிளாஸ்ல கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்காதீங்க, முதல் பெஞ்சுப் புள்ளையைப் பாத்துட்டு மொத்த கிளாஸும் தூக்கும். கண்ணை மூடச் சொல்லி நெஞ்சுக்கு நேரா விரல் காட்டச் சொன்னா போதும், ஒரு விரல்னா அ, ரெண்டு விரல்னா ஆ. மசூர் முறையில 30 சதவீதத்துக்குக் கீழ சரியா இருந்தா பாடத்தைத் திரும்ப எடுக்கணும், 70-க்கு மேல இருந்தா சுருக்கமா சொல்லிட்டு நகரலாம், நடுவுல இருந்தா பக்கத்துல இருக்குற ஆளோட பேச விட்டு மறுபடி ஓட்டு. அந்த நடுவாந்திரக் கேள்விக தான் தங்கம். யாரு சொன்னது சரின்னு முகத்துல கூடக் காட்டாதீங்க, புள்ளைக நம்ம புருவத்தைப் படிக்கும்.

பாடம் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை அதே டெஸ்ட். முன்னாடி கிளாஸ் சராசரி 30 சதவீதம், பின்னாடி 65-ன்னு வைங்க. கூடினது 35, கூடறதுக்கு எடம் இருந்தது 70, அப்ப 35-ஐ 70-ஆல வகுத்தா 0.5, அதாவது கூட முடிஞ்சதுல பாதி. ரிச்சர்ட் ஹேக்ங்குற அமெரிக்க பிசிக்ஸ் புரொபசர் 1998-ல 62 வகுப்பு, 6,542 மாணவர்களை வச்சு இதே கணக்கைப் பாத்தார், வெறும் லெக்சர் நடந்த வகுப்புகள்ல சராசரி 0.23, புள்ளைகளைப் பேச வச்சு, செய்ய வச்சு நடத்தின வகுப்புகள்ல 0.48. உங்க கிளாஸ்ல இருபது பேர் தான்னா ஒரு புள்ளையே அஞ்சு சதவீதம், அதனால சின்ன ஏத்த இறக்கத்தை வச்சு முடிவு கட்டாதீங்க. கேள்வித்தாளைத் திரும்ப வாங்கி வச்சுக்கோங்க, வாட்ஸப் குரூப்ல ஒரு தடவை போயிருச்சுன்னா புள்ளைக பதிலை மனப்பாடம் பண்ணிரும், அந்தக் கேள்வி அதோட செத்துச்சு.

கடைசியா ஒண்ணு, அரையாண்டு முடிஞ்சதும் அதே கேள்வியை வேற சட்டை போட்டுக் கேளுங்க. வாளிக்குப் பதிலா லிஃப்ட், காயினுக்குப் பதிலா மேல அடிச்ச கிரிக்கெட் பந்து. நான் தேரை வச்சு கேப்பேன்: நாம தேரை இழுக்குறோம், தேரும் நம்மளை இழுக்குது, எது பெருசு? சமம்னு இப்ப நிறைய பேர் சொல்லிருவாங்க, மூணாவது விதி. உடனே, "சமம்னா அப்புறம் தேர் ஏன் நகருது?"ன்னு கேட்டுட்டு உக்காந்துருங்க. ஒரு விசை தேர் மேல, இன்னொண்ணு நம்ம மேல, தேரைத் தடுக்குற உராய்வை விட வடம் இழுக்குறது பெருசானா தேர் நகரும், நம்மளைப் பின்னாடி போக விடாம நம்ம காலைத் தரை முன்னாடி தள்ளுதுன்னு ஒரு புள்ளை தானா வந்து போர்டுல அம்புக்குறி போட்டுச்சுன்னா, அதோட பழைய பேப்பரை எடுத்து அது கையிலயே குடுங்க, தப்பை அதுவே திருத்தட்டும்.