கார் ஷெட் மரவேலைப் பட்டறையை மாற்றி அமைக்கும் முன், ஒரு பிளைவுட் ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள்

என் பட்டறை பழைய கார் ஷெட்தான், 10 அடி அகலம், 16 அடி நீளம். மெஷின் வாங்கும்போதெல்லாம் எந்தச் சுவர் காலியாக இருந்ததோ அங்கே சாத்தி வைத்ததில், 8-க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்றை அறுக்க வேண்டுமென்றால் அதைத் தெருவுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வர வேண்டிய நிலைமை வந்துவிட்டது. போன கோடையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து அடுக்கினேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, ஷெட்டை முழுக்கக் காலி செய்வது. பாதி காலி செய்தால் பழைய இடத்திலேயேதான் எல்லாம் திரும்ப உட்காரும். அப்புறம் ஒரு சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு மெஷினின் அளவையும் தரையில் வரையுங்கள். டேபிள் சாவில்தான் (மேசை நடுவில் வட்ட பிளேடு வைத்த அறுக்கும் மெஷின்) தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும்: 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, அதோடு நீங்கள் நிற்க ஓர் இரண்டடி. என் 16 அடியில் இது அடங்கவில்லை. ஆனால் மெஷினை ஷட்டரைப் பார்த்துத் திருப்பி வைத்து, ஷட்டரைத் தூக்கிவிட்டால் பலகை வாசல் வழியாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம்! இதற்கு மூன்று வருடம் ஆனது எனக்கு.

வேலை மேசையை டேபிள் சாவுக்குப் பின்னால் போடுங்கள், அறுத்து வரும் பலகையை அதுவே தாங்கிக்கொள்ளும். மேசை மட்டம் மெஷின் மட்டத்தைவிட ஒரு நூல் கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தால் பலகை முட்டி நிற்கும். ஆனால் இழைப்புளி, உளி வேலை நிறையச் செய்கிறவர் என்றால் அந்த உயரம் சரிப்படாமல் போகலாம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரத்தில் ஜன்னலோரம் இன்னொரு மேசை போட்டுக்கொள்ளுங்கள். வலதுகைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் கை நிழல் கோட்டின் மேலேயே விழும். மேசைக்குக் கீழே பழைய ரப்பர் பாய் ஒன்று போடுங்கள். சிமெண்ட் தரையில் விழுந்த உளியின் முனையைத் திரும்பத் தீட்டி எடுப்பது அரை நாள் வேலை.

கரண்ட் விஷயத்தில் மட்டும் சொந்த மூளையை நம்பாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து பட்டறைக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி கரண்டை அதிகமாக இழுக்கும், அதனால் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அதைத் தாங்கும் ‘சி’ வகையாக இருக்கட்டும். முக்கியமானது, விளக்குகளை மெஷின் லைனில் சேர்க்கவே கூடாது. ஒரு நாள் சாயங்காலம் கனமான வேங்கைப் பலகையில் பிளேடு திணறி எம்சிபி விழுந்தது, விளக்கும் சேர்ந்து அணைந்தது, கும்மிருட்டில் கைக்குப் பக்கத்தில் பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியே அசையாமல் நின்றேன். அடுத்த வாரமே விளக்குக்குத் தனி லைன் போட்டாயிற்று.

தூசி. மரத்தூளை 1995-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது, தேக்குத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும், எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூள் இன்னும் நுண்ணியது. ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னல், மெஷின் வாயில் வேக்குவம் குழாய். வேக்குவத்துக்கு முன்னால் சைக்ளோன் மூடி (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் மூடி) போட்ட ஒரு பக்கெட் வைத்தால் தூளில் பெரும்பகுதி பக்கெட்டிலேயே விழும், ஃபில்டர் அடைக்காது. இவ்வளவும் இருந்தாலும் என்95 மாஸ்க் போடுங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

மரத்தைச் சுவரில் சாத்தி வைக்காதீர்கள். சாத்திய பலகை வளையும், தரையைத் தொட்ட பலகைக்குக் கரையான் வரும். சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்துப் படுக்கையாக அடுக்குங்கள், அதுவும் மழைச் சாரல் அடிக்காத சுவராகப் பார்த்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷினின் வார்ப்பிரும்பு மேசைத் தகடு கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். நான் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், தூளெல்லாம் ஒட்டி அப்பளமாகிவிட்டது. இப்போது மாதம் ஒருமுறை மெழுகு பாலிஷ், அதிலும் சிலிகோன் இல்லாததாகப் பார்த்து, ஏனென்றால் சிலிகோன் மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியே காயவிடுங்கள்.

கருவிகளை மாட்டும் பலகையைக் கடைசியில் வையுங்கள், அதுவும் உடனே வேண்டாம். ஒரு மாதம் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வேலை செய்யுங்கள். எதை எடுக்க எந்தப் பக்கம் கை தானாகப் போகிறது என்று பார்த்துவிட்டு அங்கே ஆணி அடியுங்கள். எனக்கு மூலைமட்டமும் பென்சிலும் மேசைக்கு வலப்பக்கம், கொட்டாப்புளி இடப்பக்கம் என்று வந்தது. இன்ச் டேப்புக்கு மட்டும் இன்னும் ஆணி அடிக்கவில்லை, அது எப்போதும் காணாமல்தான் போயிருக்கிறது.