கானா வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் எம்பி3 ஆக எடுப்பது எப்படி?

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கானாக் கச்சேரி நடந்தால் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அதைக் கேட்பது என்னவோ ஆட்டோ ஓட்டும்போதுதான். அங்கே படத்துக்கு வேலையில்லை, பென்டிரைவில் எம்பி3 இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தாலே இந்த வேலை முடிந்துவிடும். அது இலவசம்தான்.

தொடங்குமுன், கையில் இருப்பது எந்த வீடியோ என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பிய வீடியோ வழியிலேயே சுருக்கப்பட்டுத்தான் வந்திருக்கும். எடுத்தவரிடம் சொல்லி அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேபிள் போட்டு நேராக இறக்கிக்கொள்ளுங்கள்.

விஎல்சியைத் திறந்து கன்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள். (மீடியா மெனுவில் 'கன்வர்ட் / சேவ்' என்று இருப்பதும் இதுதான்.) 'ஆட்' கொடுத்து வீடியோவைச் சேர்த்து, கீழே உள்ள 'கன்வர்ட் / சேவ்' பட்டனை அழுத்தினால் அடுத்த ஜன்னல் வரும். அங்கே 'ப்ரொஃபைல்' பட்டியலில் 'ஆடியோ - எம்பி3' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஸ்பானர் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். பலர் அதைத் தொடாமலே போய்விடுகிறார்கள், ஆனால் விஷயமே அதற்குள்தான் இருக்கிறது. 'ஆடியோ கோடெக்' பக்கத்தில் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகும் என்பதை, நீங்களே மாற்றலாம்.

எவ்வளவு வைப்பது? பிட்ரேட் 128 என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 மெகாபைட். 192 வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை, 320 என்றால் 2.4. வெறும் பேச்சு என்றால் 64 வைத்து, சேனலை 1 (மோனோ) ஆக்குங்கள். அரை மணி நேரப் பேச்சு 15 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கானாவுக்கு அது ஆகாது. டோலக் அடி, பானைத் தட்டு, கைதட்டல் எல்லாம் சுரீரென்று எழும் சத்தங்கள். பிட்ரேட் குறைந்தால் முதலில் அடிபடுவது இவைதான்: அடி விழுவதற்கு ஒரு நொடிப் பிசிறு முன்பே 'உஸ்' என்ற இரைச்சல் கசியும், அடியின் கூர்மை மழுங்கும். 192 வைத்தால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. 320 வீண். செல்போன் எம்பி4 வீடியோவில் இருக்கும் ஒலி பெரும்பாலும் ஏஏசி (எம்பி3 போல இன்னொரு ஒலி வடிவம்), அதுவே சுருக்கிய சரக்கு. அதில் இல்லாததை எம்பி3 எங்கிருந்து கொண்டுவரும்?

'டெஸ்டினேஷன் ஃபைல்' இடத்தில் 'ப்ரவுஸ்' கொடுத்து, புதுப் பெயர் வைத்து, கடைசியில் டாட் எம்பி3 இருக்கிறதா என்று பாருங்கள். மூல வீடியோவின் பெயரையே மறதியாகக் கொடுத்துவிட்டால் அதன்மேலேயே எழுதப்பட்டு வீடியோ போய்விடும். 'டிஸ்ப்ளே தி அவுட்புட்' டிக்கை எடுத்துவிடுங்கள். இருந்தால் பாட்டு ஓடும் வேகத்திலேதான் மாற்றமும் நடக்கும், ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'ஸ்டார்ட்' அழுத்தியதும் பாட்டு ஓடுவதுபோலக் கோடு நகரும், சத்தம் வராது. அது பழுதில்லை. கோடு கடைசிவரை போய் நிற்கும்முன் விஎல்சியை மூடினால் பாதிப் பாட்டுதான் மிஞ்சும்.

காசிமேட்டுப் பக்கம் திறந்தவெளியில் எடுத்த வீடியோ என்றால் கடல்காற்று மைக்கில் அறைந்து 'புர்ர்' என்று கேட்கும். அதைக் குறைப்பதாக இருந்தால் நேரே எம்பி3 எடுக்காதீர்கள். ப்ரொஃபைலில் 'ஆடியோ - சிடி' தேர்ந்து, டாட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக எடுங்கள். நிமிடத்துக்கு 10 மெகாபைட் பிடிக்கும், பரவாயில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். அதை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் திறந்து, தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் 'ஹை-பாஸ் ஃபில்டர்' 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் போட்டுக் கேளுங்கள். அதற்குமேல் ஏற்றினால் டோலக்கின் அடிக்கனமும் காற்றோடு போய்விடும். பிறகு சத்தத்தை உச்ச அளவுக்குச் சரிசெய்யும் 'நார்மலைஸ்' மைனஸ் 1 டெசிபல், கடைசியில் எம்பி3 எக்ஸ்போர்ட். சுருக்குவது அந்த ஒரு தடவையோடு நிற்கட்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்து 'கரகர'வென்று உடைந்த குரலை மட்டும் எந்த ஃபில்டரும் சரிசெய்யாது.

பென்டிரைவ் 16 அல்லது 32 ஜிபி போதும். 64 ஜிபி வாங்கினால் பெரும்பாலும் எக்ஸ்-ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் வரும், மலிவான ஆட்டோ பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். தமிழில் பெயர் வைத்தால் சில பிளேயரின் திரையில் கட்டம் கட்டமாக வரும். 01, 02 என்று எண்ணில் தொடங்கி ஆங்கிலத்தில் வையுங்கள். அப்படியும் வரிசை குழம்பினால், அந்த பிளேயர் பெயரைப் பார்க்காமல் ஏற்றிய வரிசையில் ஓட்டுகிறது என்று அர்த்தம். பென்டிரைவைக் காலி செய்து, பாட்டுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள்.