எலுமிச்சைத் துண்டை எடுத்துவிடுங்கள்: பெல்ஜியத்து வெள்ளை பியரும் வீட்டுச் சாப்பாடும்

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் வெள்ளை பியர் காய்ச்சிவந்த கடைசி ஆலையும் 1950களில் மூடப்பட்டது. அங்கே பால் விற்றுக்கொண்டிருந்த பியேர் செலிஸ், 1960களின் நடுவில் அந்த வெள்ளை பியரை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். மால்ட் ஆக்காத, அதாவது முளைகட்டி உலர்த்தாத கோதுமையும், பார்லி மால்ட்டும்தான் அதன் உடம்பு. வாசனைக்கு நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கொத்தமல்லி விதை, கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோல். அழியப் பார்த்த அந்த வாசனையை மேசையில் வைத்து நாமே அமுக்கிவிடக் கூடாது.

அமுக்குவதில் முதலிடம் கிளாஸில் போடும் எலுமிச்சைத் துண்டுக்கு. அதன் புளிப்பும் தோலின் எண்ணெயும் கொத்தமல்லியை மூடிவிடும், நுரையும் சரியும். ஆரஞ்சு வாசனை ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே!

ஃப்ரீசரில் வைத்த கிளாஸும் வேண்டாம். நாக்கு மரத்துப்போனால் ருசி எங்கே தெரியும்? 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் போதும். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது.

கலங்கலைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைத்து, அடியில் தங்கியதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கலங்கல் ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும். முக்கால் பாட்டிலை ஊற்றிவிட்டு, மீதியை மெதுவாகச் சுழற்றி ஊற்றுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய பிழை நடக்கிறது. கறுப்பு பியரில் மணிக்கணக்காக வெந்த மாட்டுக்கறியோடு இதை வைத்தால் வெறும் தண்ணீர் போலத் தோன்றும். மசல் சிப்பிதான் சரியான ஜோடி. வெண்ணெயில் வெங்காயம், செலரி, லீக் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) வதக்கி, சிப்பியைப் போட்டு மூடி, வாய் திறந்ததும் இறக்கிவிட வேண்டும். கடலின் உப்பும் பியரின் லேசான புளிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பானைக்குள் ஒரு சிறு கிளாஸ் பியர் ஊற்றலாம். முழு பாட்டிலையும் ஊற்றிச் சுண்டவைத்தால் கசப்பு ஏறும். க்ரீம் சாஸும் வேண்டாம் என்பேன். வசந்த காலமானால் வேகவைத்த முட்டையும் வெண்ணெயும் சேர்த்த வெள்ளை அஸ்பாரகஸ் இன்னும் இதமானது.

சாப்பிட்டு முடித்த வாயோடு பியரைத் தொடங்குவதும் தவறுதான். முதல் மடக்கு வெறும் வாயில். அப்புறம் ஒரு சிப்பி, மறுபடி ஒரு மடக்கு. இரண்டாவதில் கொத்தமல்லி முன்னால் வந்து நிற்கும்.