ஓண விடுமுறையில் கேரளா போகிறீர்களா? சாதாரண இலைச் சத்யா கிடைக்க வழி

ஓணத்துக்குக் கேரளா போகிறவர்களுக்குப் படகு கிடைக்கும், அறை கிடைக்கும், அருவியில் குளிக்க இடம்கூடக் கிடைக்கும். ஆனால் திருவோணத்தன்று மதியம் ஒரு ஒழுங்கான சத்யா, அதாவது வாழை இலையில் விளம்பும் ஓண விருந்து, கிடைக்காமல், இரண்டரை மணிக்குப் பிள்ளைகள் பசியில் முகம் சுளிக்க, திறந்திருக்கும் ஏதோ ஒரு கடையில் பிரைடு ரைஸ் சாப்பிட்டுவிட்டு வந்த கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரணம் எளிமையானது. அன்று ஊரே வீட்டில் சாப்பிடுகிறது. சிறிய ஹோட்டல்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், சமையல்காரர் முந்தின நாளே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். அப்புறம் திறந்திருப்பது பெரிய ஹோட்டல்கள்தான். அங்கே கதகளி வேடம், செண்டை மேளம், பஃபே வரிசை எல்லாம் சேர்த்து ஒரு விலை போட்டிருப்பார்கள்.

நமக்கு வேண்டியது அது இல்லை. ஒரு வாழை இலை, மட்டை அரிசிச் சோறு, பருப்பும் நெய்யும், அவியல், ஓலன், காளன், புளியிஞ்சி, அப்பளம், ஒரு பிரதமன் பாயசம், அவ்வளவுதான். இது கேரளாவின் எந்த ஊரிலும் அன்று சமைக்கப்படுகிறது, விளம்பரம் மட்டும் இருக்காது. இரண்டு மூன்று நாள் முன்னால் சரியான ஆளிடம் கேட்டுவிட்டால் போதும். முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: தேதியைப் பார்த்துப் பயணத்தை வளைத்துக்கொள்ளுங்கள்

ஓணம் ஆங்கிலத் தேதியில் நிற்காது. ஆவணியில், மலையாளக் கணக்கில் சிங்ஙம் மாதத்தில், திருவோண நட்சத்திரம் வரும் நாள்தான் பண்டிகை. 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5, 2026இல் ஆகஸ்ட் 26. அஸ்தத்தில் தொடங்கிப் பத்தாவது நாள் திருவோணம். கேரளாவில் உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என்று நான்கு நாளை முதல் ஓணம், இரண்டாம் ஓணம் என்று எண்ணி விடுமுறை விடுகிறார்கள்.

இதில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது ஒரே ஒரு பொழுது: திருவோணத்தன்று காலை பதினொன்றரையிலிருந்து மதியம் இரண்டு வரை. சத்யா என்பது மதியச் சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்குப் போய் இலை போடுங்கள் என்றால் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஒரே ஊரில், காரில் இல்லாமல், உட்கார்ந்திருக்க வேண்டும். மூணாறிலிருந்து ஆலப்புழைக்கு இறங்குவதை அன்று வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

படகு வீட்டில் தங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆலப்புழையில் படகு வீடு பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு வாக்கில் ஏற்றி, மறுநாள் காலை ஒன்பது வாக்கில் இறக்கிவிடும். திருவோணத்தன்று ஏறினால் அன்றைய மதியச் சாப்பாடு படகில்தான், வழக்கமாக அது சோறும் கரிமீன் வறுவலும். சத்யா வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். படகுச் சமையல்காரர்கள் பலருக்கு ஏழெட்டு வகை செய்வது பெரிய விஷயம் இல்லை, ஆனால் காய்கறி முந்தின நாளே வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் படகை அவிட்டத்துக்குத் தள்ளுங்கள்.

ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. ஓணத்துக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பும் மலையாளிகள் எல்லாரும் அதே காலை எட்டு மணிக்குக் காத்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: ஊரைத் தேர்ந்தெடுப்பது

திருவனந்தபுரம், கொச்சி, திருச்சூர், பாலக்காடு, இந்த நான்கில் எதில் இருந்தாலும் கவலையில்லை. சைவ ஹோட்டல்களும் பந்திச் சமையல்காரர்களும் நிறைய. மூணாறு, தேக்கடி மாதிரி மலை ஊர்களில் சுற்றுலாவுக்கான கடைகளே அதிகம், அதனால் அங்கே தங்கும் வீட்டுக்காரரைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம் பல வீடுகளில் ஓணச் சாப்பாட்டில் மீனோ கோழியோ இருக்கும். அது அவர்கள் வழக்கம், அதுவும் பாரம்பரியம்தான். கேட்காமல் உட்கார்ந்துவிட்டு முகம் கோணுவது அழகில்லை, முன்னாலேயே சைவச் சத்யாவா என்று கேட்டுவிடுங்கள்.

கொச்சியில் இருப்பவர்களுக்குத் திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில் இருக்கிறது. மாவலியை வாமனன் அழுத்திய இடம் என்று ஐதீகம் சொல்கிற கோயில். திருவோணத்தன்று வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சத்யா போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம், வரிசை நீளும், சின்னப் பிள்ளைகளோடு போனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. சாப்பாடு எளிமையாக, சூடாக இருக்கும்.

ஆறன்முளை வேறு கதை. பம்பைக் கரையில் பார்த்தசாரதி கோயிலில் பள்ளியோடம் எனும் பாம்புப் படகுகளில் துடுப்புப் போடுகிறவர்களுக்காக நடக்கும் வள்ளசத்யாவில் அறுபதுக்கும் மேல் வகைகள் உண்டு. படகுக்காரர்கள் பாட்டாகப் பாடி இன்னது கொண்டுவா என்று கேட்பார்கள், கேட்டதை விளம்பியாக வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறை பார்க்க வேண்டியது. ஆனால் அது நேர்த்திக்கடனாக, பாஸ் முறையில் நடப்பது. முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் போய் நின்றால் வேடிக்கைதான் பார்க்கலாம். சாதாரணச் சாப்பாடு தேடி அங்கே போகாதீர்கள்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது

இணையத்தில் தேடினால் வருவது எல்லாம் பெரிய ஹோட்டல் விளம்பரம். அதை மூடி வையுங்கள்.

முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் தங்கும் ஹோம்ஸ்டே வீட்டுக்காரர். அறையைப் பதிவு செய்த அன்றே, "திருவோணத்தன்று உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்களோ அதையே எங்களுக்கும் போட முடியுமா, காசு கொடுத்துவிடுகிறோம்" என்று நேராகக் கேளுங்கள். ஸ்பெஷலாக எதுவும் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்காக நூடுல்ஸ் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். ஓணம் எல்லாருக்கும் பொதுவான பண்டிகை, கோட்டைக் கொச்சியில் கிறிஸ்தவ வீடுகளிலும் அன்று இலை போடுவார்கள், அதனால் வீட்டுக்காரர் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கூப்பிட்டுவிட்டால் வெறுங்கையோடு போகாமல் பழமோ ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்போ எடுத்துப் போங்கள். பூக்களத்தை, அதாவது பூக்கோலத்தை, மிதித்துவிடாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசலில் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்து போட்டிருப்பார்கள்.

அது நடக்கவில்லையென்றால் அடுத்தது பந்திச் சமையல்காரர்கள். கல்யாணத்துக்கு ஆர்டர் எடுக்கும் இவர்கள் ஓணத்துக்கு பார்சல் சத்யா செய்கிறார்கள். இவர்களைக் கண்டுபிடிக்க உள்ளூர் காய்கறிக் கடைக்காரரையோ ஆட்டோ ஓட்டுநரையோ கேட்டால் போதும். அண்மை ஆண்டுகளில் கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துப் பெண்கள் குழுக்களும் ஓணச் சத்யாவுக்கு ஆர்டர் எடுக்கிறார்கள். அவர்கள் சமையல் வீட்டுச் சமையலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவது, தினமும் மதியம் ஊண் போடும் சின்னச் சைவ ஹோட்டல். திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே ஒரு வேளை சாப்பிடுங்கள். சாம்பாரும் தோரனும் நன்றாக இருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் "திருவோணத்தினு சத்ய உண்டோ? இலயிலாணோ?" என்று கேட்டுவிடலாம். தமிழில் கேட்டாலும் புரியும், பாலக்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் பதிலே தமிழில் வரும்.

நான்காம் படி: போனில் மூன்று கேள்வி

இலையில் விளம்புவீர்களா, பஃபேயா? பஃபே என்றால் விட்டுவிடுங்கள். சத்யாவின் பாதி, ஆள் வந்து வரிசையாக விளம்புவதில்தான் இருக்கிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு காளனையும் கேசரியையும் ஒரே குழியில் போட்டுக்கொண்டு வருவதற்குப் பேர் வேறு.

என்ன பாயசம்? இந்தக் கேள்விதான் உண்மையைக் கக்க வைக்கும். அடைப் பிரதமன் என்று பதில் வந்தால் வெல்லமும் தேங்காய்ப் பாலும் வைத்து யாரோ அடுப்படியில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். பாலடை என்றாலும் நல்லதுதான், பாலைக் குறுக்கிச் செய்வது. ஆறு வகைப் பாயசம், கூடவே ஐஸ்கிரீம் என்றால் நான் நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு? அதில் போகாதீர்கள். இரண்டாவது பந்திதான் தோது. முதல் பந்தியில் விளம்புகிறவர்கள் இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பார்கள், கடைசியில் அவியல் தீர்ந்து சாம்பாரில் தண்ணீர் ஏறியிருக்கும்.

விளம்பரத்தில் எத்தனை வகை என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது வகை என்று எண்ணிக்கை காட்ட பன்னீரும் கோபி மஞ்சூரியனும் உள்ளே நுழைந்துவிடும். பழைய முறைச் சத்யாவில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. பதினான்கு பதினைந்து வகை, எல்லாம் அன்று காலை வைத்தது, அது போதும். விலையும் நட்சத்திர ஹோட்டலில் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: பார்சல் வாங்கினால்

பார்சல் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து பேருக்கு என்று கட்டுவார்கள், இலையும் கூடவே வரும். இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் முன்னாலேயே கேளுங்கள். ஆர்டர் உத்திராடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், உத்திராடத்தன்று அவர்களுக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. அன்று கடைத்தெருவில் கடைசி நேரச் சாமான் வாங்க ஊரே ஓடும், அதற்கு உத்ராடப்பாச்சில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலை பத்து பதினொன்றுக்குப் போய் எடுத்துவந்து பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இது சும்மா சொல்வதில்லை. அவியலில் அரைத்த தேங்காய், ஓலனில் தேங்காய்ப் பால், பச்சடியில் தயிர். சூட்டோடு மூடிக்கட்டிய இவை சாயங்காலம் வரை தாங்காது. ராத்திரிக்கு வேண்டுமென்றால் புளியிஞ்சி, ஊறுகாய், வறுவல், கெட்டியான குறுக்குக் காளன் இவற்றை எடுத்து வையுங்கள், சூடான சோறு மட்டும் வாங்கிக்கொண்டால் அதுவே ஒரு நல்ல சாப்பாடு.

ஆறாம் படி: இலை முன்னால் உட்கார்ந்த பிறகு

இலையின் நுனி உங்கள் இடது பக்கம் இருக்கும். அந்த இடது ஓரத்தில் நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி (வெல்லப் பாகில் புரட்டிய நேந்திரங்காய்), பழம், அப்பளம் வரும். மேல் வரிசையில் புளியிஞ்சி, மாங்காய், நாரங்காய் ஊறுகாயில் தொடங்கி, பச்சடி, தயிர்க் கிச்சடி, ஓலன், காளன், எரிசேரி, தோரன், அவியல், கூட்டுக்கறி என்று வலது பக்கம் நகரும். எல்லாம் வந்து சேரும்வரை கையை வைக்காமல் இருங்கள். வறுவலைக் கொறிப்பதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

சோறு வந்ததும் முதலில் பருப்பும் நெய்யும். அப்பளத்தை அதன் மேல் நொறுக்கிப் பிசையுங்கள். நம்மூரில் அப்பளத்தைக் கடித்துக்கொள்வோம், இங்கே அது சோற்றுக்குள் போகிறது. அடுத்த சோற்றுக்குச் சாம்பார். அதற்குப் பிறகு, நாம் எதிர்பார்க்காத நேரத்தில், பாயசம் வந்துவிடும். சாப்பாடு முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். புளிசேரி, ரசம், மோர் எல்லாம் பாக்கி. ஊருக்கு ஊர் இந்த வரிசை கொஞ்சம் மாறும், பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பாயசம் இலையிலேயே ஊற்றுவார்கள், அடைப் பிரதமனில் பழத்தைப் பிசைந்து சாப்பிடுவது வழக்கம். ஓடுகிற பாயசத்தைக் கையால் அள்ளிப் பழக்கமில்லாதவர்கள் டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திருவனந்தபுரம் பக்கம் மஞ்சள் நிறத்தில் மெல்லிய போளி ஒன்று வைத்து அதன் மேல் பால் பாயசம் விடுவார்கள். போளியைப் பாயசத்தில் நனையவிட்டுக் கிழித்துச் சாப்பிட வேண்டும். அந்த ஒரு வாய்க்காகவே நான் தெற்கே போகச் சொல்வேன். நடுவில் தித்திப்பு திகட்டினால் புளியிஞ்சியை விரல் நுனியில் தொட்டு நக்குங்கள், நாக்கு மறுபடி தயாராகிவிடும்.

போதும் என்றால் "மதி" என்று சொல்லி இலை மேல் கையைக் காட்டுங்கள். வெறுமனே தலையாட்டினால் இன்னொரு கரண்டி விழும். முடித்ததும் இலையின் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருங்கள்.

திருவோணத்தைத் தவறவிட்டால்

பல ஹோட்டல்கள் அஸ்தத்திலிருந்தே சத்யா போடத் தொடங்கிவிடும், அவிட்டத்தன்றும் சிலவற்றில் கிடைக்கும். சத்யாவுக்கு வழியே இல்லையென்றால் பாயச மேளா நடக்கிறதா என்று விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மஸ்கட் ஹோட்டல் வளாகத்தில் ஓணக் காலத்தில் லிட்டர் கணக்கில் விற்பார்கள். பாலடையை வாங்கி ரயிலில் ஏற்றாதீர்கள், நாகர்கோவில் தாண்டுவதற்குள் புளித்தாலும் புளிக்கும். ஊருக்குக் கொண்டுபோக சர்க்கரை வரட்டியும் தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவலும் அரைக் கிலோ கட்டித் தரச் சொல்லுங்கள், அன்று பொரித்ததா என்று கேட்டுவிட்டு.