முனிசிபாலிட்டி டெண்டர் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி: டர்பன் தமிழர்களுக்கு

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ தண்ணீர் வராத நாளில் "எல்லாத்தையும் தின்னுட்டாங்க" என்று பேசுவது வழக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு, யார் கையெழுத்தில் போனது என்று சொல்லத் தாள் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு அதைக் கேட்கும் உரிமை தருகிறது. வழி சொல்வது 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம். ஆங்கிலச் சுருக்கம் PAIA, 'பாயா' என்பார்கள், ஆட்டுக்கால் இல்லை.

முதலில் டெண்டர் எண்ணைப் பிடியுங்கள். தேசிய இ-டெண்டர் தளத்திலோ முனிசிபாலிட்டி தளத்திலோ பாருங்கள். எண் இல்லாமல் "தண்ணீர் வேலை சம்பந்தப்பட்ட எல்லாம்" என்று கேட்டால், அளவுக்கு மீறிய வேலை என்று பாயாவின் 45ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள்.

பிறகு பாயாவில் தகவல் கேட்கும் படிவம் 2. சட்டப்படி தகவல் அதிகாரி முனிசிபல் மேனேஜர்தான். கவுன்சிலரிடம் கொடுத்துப் பயனில்லை. அடையாள அட்டை நகலும் விண்ணப்பக் கட்டணமும் சேர்த்து, ஈமெயிலில் அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். யாருக்கு வேலை கிடைத்தது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். குறைந்த விலை போட்டு வேலையை எடுத்து, பிறகு 'கூடுதல் வேலை' என்று ஏற்றிக்கொண்டே போவது பழைய தந்திரம். பணம் அங்கேதான் கசியும். அதனால் நான்கு தாள்கள் வேண்டும்: டெண்டர் திறந்த அன்றைய விலைப் பதிவேடு, மதிப்பீட்டுக் குழு அறிக்கை, ஒப்பந்தம், ஒவ்வொரு பணப் பட்டுவாடா சான்றும். தேசியக் கருவூலத்தின் 62ஆம் சுற்றறிக்கைப்படி கட்டுமான வேலை 20 சதவீதம் அல்லது 2 கோடி ரேண்டுக்கு மேல் ஏறினால் முனிசிபல் நிதிச் சட்டத்தின் 116(3) பிரிவு பொருந்தும்: கவுன்சில் முன் வைக்க வேண்டும், மக்களுக்கும் அறிவிக்க வேண்டும். 50 லட்சம் ரேண்ட் ஒப்பந்தத்துக்கு 64 லட்சம் போயிருந்தால் ஏற்றம் 28 சதவீதம். அந்தக் கவுன்சில் தீர்மானத்தையும் கேளுங்கள். தீர்மானமே இல்லையென்றால் அந்தப் 14 லட்சம் கணக்குத் தணிக்கையில் 'முறைகேடான செலவு' ஆகும். அடுத்த தெருக் குழாய் மாற்ற வேண்டிய காசும் அதுதான்.

டெண்டரே விடாமல் 'அவசரம்' என்று கொடுத்திருந்தால் முனிசிபல் கொள்முதல் ஒழுங்குவிதிகளில் 36ஆம் விதியின் கீழ் எழுதிய காரணத்தைக் கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் போன்றது அவசரம். திட்டமிடாமல் தள்ளிப்போட்டது அவசரம் ஆகாது.

பதில் வர 30 நாள். அவர்கள் இன்னொரு 30 நாள் நீட்டலாம். மௌனமும் மறுப்பே. உடனே 60 நாளுக்குள் படிவம் 4இல் உள்முறையீடு போடுங்கள். உள்முறையீடு செய்யாமல் மேலே போக முடியாது. 'கம்பெனியின் வியாபார ரகசியம்' என்ற மறுப்பு அடிக்கடி வரும்: ரகசியப் பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தரும்படி பாயாவின் 28ஆம் பிரிவையும், பொதுநலனுக்காக 46ஆம் பிரிவையும் முறையீட்டில் எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார், படிவம் 5.

தாள் கையில் வந்து சந்தேகம் உறுதியானால் அரசு அமைப்புகளின் முறைகேட்டை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டரிடம் போங்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், மேலே சொன்ன காத்திருப்பெல்லாம் அதிலிருந்துதான் கழியும்.