பள்ளிச் சுவரில் வானம் வரைபவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில், அறிவியல் கண்காட்சிக்காகச் சுவரில் விண்வெளி வரைந்துகொண்டிருந்த இரண்டு பையன்களைப் பார்த்தேன். சுவர் ஓவியனான என் பழைய தவறுகள் ஒன்று விடாமல் அங்கே இருந்தன. கோள்கள் ஒன்பதா எட்டா என்பதை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

பிறை எந்தப் பக்கம் பார்க்கும்?

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். முப்பதடிச் சுவர்; கோட்டை மதில், அகழி, வலது ஓரத்தில் அந்திச் சிவப்பு, மேலே மூன்றாம் பிறை. அழகாக இருக்கிறதே என்று பிறையை நிமிர்த்தி, வெளிச்சத்தை இடப்பக்கம் வைத்துவிட்டேன். எல்லாம் காய்ந்த பிறகு வாட்ச்மேன் வந்து கேட்டார்: "ஏம்பா, சூரியன் இந்தப் பக்கம் இறங்குது, நிலா எதைப் பாத்து மின்னுது?"

பிறையின் ஒளிவிளிம்பு எப்போதும் சூரியன் பக்கமே இருக்கும். வேலூர் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருப்பதால், இங்கே சூரியனும் நிலாவும் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகின்றன. அதனால் அந்திப் பிறை தோணி மாதிரி கிடக்கும். மாசி, பங்குனியில் கிட்டத்தட்ட படுத்தே இருக்கும். புரட்டாசியில் நன்றாகச் சரியும். பிறையின் வடகோடு, அதாவது வடக்கு முனை, உயர்ந்ததா, தென்கோடு உயர்ந்ததா என்று பெரியவர்கள் பார்ப்பதே இந்தச் சாய்வைத்தான். நிமிர்ந்து நிற்கும் பிறை ஐரோப்பியப் படங்களிலிருந்து வந்தது.

சரி, பிறையை மட்டும் திருத்தலாமே என்றால் முடியாது. ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு ஈரத்தோடு இழைத்த இடத்தில் கைவைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். முழு வானத்தையும் மறுபடி அடித்தேன். இரண்டு நாள் கூலி போச்சு, எமல்ஷனும் கைக்காசு.

பிறையின் இருட்டுக்குள் நட்சத்திரம்

நிலா ஓட்டை அல்ல.

நெபுலாவின் நிறம்

காவலூர் வான் ஆய்வகத்தில் சின்னத் தொலைநோக்கி வழியாக ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தைப் பார்த்தபோது சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது. ஏமாந்துபோனேன். 1995இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, ஈகிள் நெபுலாவின் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகளே வண்ணம் ஒதுக்கினார்கள், எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டத்தான். ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. நீங்களும் தாராளமாக வண்ணம் போடுங்கள். கீழே 'கண்ணால் கண்ட காட்சி' என்று எழுதினால்தான் தப்பு.

பூமியும் நிலாவும்

பூமி ஓரடி என்றால் நிலா மூன்றேகால் அங்குலம், 30 அடி தள்ளி. சுவர் போதாது, பக்கத்திலேயே வரையலாம். 'அளவுப்படி' என்று மட்டும் எழுதக் கூடாது. காட்பாடிப் பையன்கள் எழுதியிருந்தார்கள், கொட்டை எழுத்தில்.