பழைய ஸ்டாம்ப் ஆல்பம் பேஜ் ஆன்லைன்ல வாங்குறீங்களா, மொதல்ல பின்பக்கத்த காட்டச் சொல்லுங்க

நான் சேக்குறது திருவிதாங்கூர் ஸ்டாம்ப். சொந்த ஊரு நாகர்கோவில், 1956ல மெட்ராஸ் ஸ்டேட்டோட சேர்ற வரைக்கும் எங்க ஊரு அந்தப் பக்கம்தான். ராஜா காலத்துல அங்க சமஸ்தானத்துக்குன்னு தனி தபால் இருந்துச்சு, பேரே அஞ்சல், இன்னைக்கு நாம எல்லாரும் சொல்ற அதே வார்த்தை. 1888ல சங்கு படம் போட்டு மொத ஸ்டாம்ப் வந்துச்சு, விலை எல்லாம் சக்கரம், காசு கணக்குல, 16 காசு ஒரு சக்கரம். இந்த சங்கு ஸ்டாம்ப்ப தனித்தனியா தேடி வாங்குறதவிட யாரோ ஒரு பெரியவர் ஐம்பது வருஷம் முன்னாடி ஒட்டி வச்ச ஆல்பம் பேஜ அப்படியே வாங்குறது எனக்குப் பிடிக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனா அதுல ஏமாற நெறைய வழி இருக்கு, அதனால நான் எப்படிப் பாத்து வாங்குறேன்னு எழுதுறேன். நீங்க வேற நாட்டு ஸ்டாம்ப் சேத்தாலும் பாதிக்கு மேல பொருந்தும்.

மொதல்ல விக்கிறது என்னன்னு புரிஞ்சுக்கோங்க. ஆல்பம் பேஜ்னு போட்டிருந்தா அது மூணுல ஒண்ணா இருக்கும். ஸ்டாம்ப் எதுவுமே இல்லாத, கட்டம் மட்டும் பிரிண்ட் பண்ண காலி பேஜ். இல்லன்னா ஸ்டாம்ப் சொருகி வைக்கிற பட்டை போட்ட ஸ்டாக் பேஜ், அதுவும் காலி. மூணாவது ஸ்டாம்ப் ஒட்டுன பேஜ், ஒரு பெரிய கலெக்‌ஷன உடைச்சு பேஜ் பேஜா விக்கிறது. சில சமயம் போட்டோல ஸ்டாம்ப் தெரியும், ஆனா கீழ சின்ன எழுத்துல ஸ்டாம்ப் சேராது, பேஜ் மட்டும்னு இருக்கும். டிஸ்கிரிப்ஷன கடைசி வரி வரைக்கும் படிங்க, சந்தேகம் இருந்தா ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க, பதில் எழுத்துல வாங்கிக்கோங்க, போன்ல பேசி முடிச்சுடாதீங்க.

இப்போ பின்பக்கம் விஷயத்துக்கு வரேன். ஆரம்பத்துல நான் ஒரு ஆன்லைன் செல்லர்கிட்ட 24 சங்கு ஸ்டாம்ப் இருக்குற ஒரு பேஜ் வாங்குனேன், முன்பக்கம் போட்டோ ஒண்ணே ஒண்ணு, பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. வந்ததும் பாத்தா ஹிஞ்ச் (ஸ்டாம்ப் பின்னாடி ஒட்டி பேஜ்ல மாட்டுற சின்ன மடிச்ச பேப்பர்) போட்டு மாட்டல, மொத்தமா கோந்து தடவி ஒட்டியிருக்கு, பேஜோட பின்பக்கத்துலயும் இன்னொரு வரிசை ஒட்டியிருக்கு. சங்கு ஸ்டாம்ப்ல முக்கால்வாசி விஷயம் பின்னாடிதான் இருக்கு. 1888ல வந்த மொத பிரிண்ட் கோடு கோடா இருக்குற லெய்டு பேப்பர், வெளிச்சத்துல புடிச்சா அந்தக் கோடு தெரியும், அதுக்கப்புறம் வந்தது சங்கு வாட்டர்மார்க் பேப்பர், அதாவது பேப்பருக்குள்ளயே சங்கு உருவம் மங்கலா தெரியும், அந்த வாட்டர்மார்க்லயே பல வகை. முன்னாடி பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான், விலைல வித்தியாசம் இருக்கு. ரெண்டு பக்கமும் கோந்து போட்டு ஒட்டுன பேஜ்ல இது எதையுமே பாக்க முடியாது. அது ஊறி வரவும் இல்ல, மூணு ஸ்டாம்ப் கிழிஞ்சு போச்சு. அன்னைல இருந்து பின்பக்கம் பாக்காம நான் எந்த பேஜும் வாங்குறதில்ல.

என்ன போட்டோ கேக்கணும்னு சொல்றேன். பேஜ் முழுசா முன்பக்கம், ஃப்ளாஷ் இல்லாம, நேரா மேல இருந்து. அதே பேஜ் பின்பக்கம். அப்புறம் ஜன்னல் பக்கம் வச்சு சாய்வா வெளிச்சம் படுற மாதிரி ஒண்ணு, இதுலதான் மடிப்பு, சுருக்கம், ஸ்டாம்ப் தூக்கிட்டு நிக்கிறதெல்லாம் தெரியும். விலை கூடுன ரெண்டு மூணு ஸ்டாம்ப்ப மட்டும் க்ளோசப், முடிஞ்சா 600 டிபிஐ ஸ்கேன். ஹிஞ்ச்ல மாட்டுன ஸ்டாம்ப்னா ஒரு ஸ்டாம்ப்ப மெதுவா மேல தூக்கி பின்னாடி தெரியுற மாதிரி ஒண்ணு. தெரியாத செல்லரா இருந்தா பேஜ் பக்கத்துல இன்னைய தேதி எழுதுன ஒரு துண்டுப் பேப்பர வச்சு எடுக்கச் சொல்லுங்க, வேற யாரோ போட்ட படத்த எடுத்துப் போட்டிருந்தா அங்கயே தெரிஞ்சுடும். நான் அனுப்புற மெசேஜ் இவ்ளோதான்: "வணக்கம் சார், அந்த திருவிதாங்கூர் பேஜ் எனக்கு வேணும். பின்பக்கம் ஒரு போட்டோவும் 4 சக்கரம் ஸ்டாம்ப் க்ளோசப்பும் அனுப்ப முடியுமா? டேப், கோந்து, பழுப்புப் புள்ளி ஏதாவது இருந்தா சொல்லிடுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி விலை பேசிக்கலாம்." நல்ல செல்லர் இதுக்கு கோவப்பட மாட்டாங்க, சிலர் நாம கேக்காததையும் சேத்து அனுப்புவாங்க, அந்த மாதிரி ஆள் கிடைச்சா விட்டுடாதீங்க. நேரமில்ல, வேணும்னா எடு இல்லன்னா விடுன்னு பதில் வந்தா நான் விட்டுடுவேன்.

படத்த பெருசாக்கி என்ன பாக்கணும்னா, மொதல்ல ஸ்டாம்ப் ஓரத்துல இருக்குற பல்லு. நம்ம ஊர் ஈரத்துக்கு வர்ற பழுப்புப் புள்ளி பெரும்பாலும் பல்லு நுனிலதான் ஆரம்பிக்கும், செல்லர்ங்க இத லேசான டோனிங்னு எழுதுவாங்க. அது பூஞ்சை, ஒரு பேஜ்ல வந்தா பக்கத்து பேஜுக்கும் போகும். அடுத்து செல்லோ டேப். டேப் பட்ட இடம் மஞ்சளாகி எண்ணெய் மாதிரி ஊறியிருக்கும், அந்தக் கறை போகவே போகாது, அந்த ஸ்டாம்ப் கணக்குல இல்லன்னு வச்சே விலை பேசுங்க. அப்புறம் எம்என்எச்னு போட்டு விக்கிறது, அதாவது ஹிஞ்சே படாத புது ஸ்டாம்ப்னு அர்த்தம். பழைய பேஜ்ல ஹிஞ்ச் வச்சு மாட்டியிருக்குற ஸ்டாம்ப் எம்என்எச்சா இருக்க வாய்ப்பே இல்ல, அப்படி எழுதியிருந்தா செல்லருக்கு விஷயம் தெரியல இல்ல தெரிஞ்சே எழுதுறார், எதுவா இருந்தாலும் மத்த வார்த்தையையும் நம்பி காசு போடாதீங்க.

கோந்து போட்டு ஒட்டியிருந்தா தண்ணில ஊறவச்சு எடுத்துக்கலாம்னு சொல்வாங்க. சீல் விழுந்த சாதாரண ஸ்டாம்ப்புக்கு சரி. சீல் இல்லாத புது ஸ்டாம்ப்ப ஊறவச்சா பின்னாடி இருக்குற ஒரிஜினல் கோந்து போயிடும், அதோட பாதி மதிப்பும் போச்சு. சில இங்க் தண்ணி பட்டாலே கரையும், வேணும்னே அப்படி தயாரிச்சது, ஒரு தடவ யூஸ் பண்ணத கழுவி மறுபடி ஒட்டக்கூடாதுன்னு. இங்கிலாந்துல 1883-84ல வந்த விக்டோரியா ராணி ஊதா, பச்சை ஸ்டாம்ப்புங்க அப்படித்தான். அதனால ஊறவச்சுக்கலாம்னு நினைச்சு விலை குடுக்காதீங்க.

பேஜ்ல எது இல்லன்னும் பாருங்க, இது ரொம்ப முக்கியம். கலெக்‌ஷன உடைக்கிறவங்க விலை கூடுனத தனியா எடுத்து வித்துட்டு மீதிய பேஜோட போடுவாங்க. திருவிதாங்கூர்ல 1939ல மகாராஜா பிறந்தநாளுக்கு வந்த செட் இருக்கு, அதுல 7 சக்கரம் கன்னியாகுமரி, 14 சக்கரம் பேச்சிப்பாறை அணை. சின்ன வயசுல நாங்க லீவுக்குப் போன அணை ஸ்டாம்ப்புல இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆன்லைன்ல வர்ற 1939 பேஜ்ல நான் பாத்த வரைக்கும் இந்த ரெண்டும்தான் அடிக்கடி காணாம இருக்கும், மீதி சின்ன விலை ஸ்டாம்ப் மட்டும் இருக்கும், டைட்டில்ல என்னவோ கம்ப்ளீட்னு இருக்கும். சுதந்திர இந்தியா பேஜ்னா 1948 ஆகஸ்ட் 15 காந்தி செட்ல நாலு ஸ்டாம்ப் இருக்கணும், ஒண்ணரை அணா, மூணரை அணா, 12 அணா, 10 ரூபா. அந்த 10 ரூபாய்க்கு போலி நெறைய சுத்துது, அசல்தான்னு நிபுணர் குடுத்த சர்டிஃபிகேட் இல்லாம அந்த ஒரு ஸ்டாம்ப்புக்காக பேஜுக்கு பெரிய விலை குடுக்காதீங்க. 1949 தொல்லியல் செட்டுக்கு 16 மதிப்பு, 3 பைல (பைங்கிறது அணாவவிட சின்னக் காசு) ஆரம்பிச்சு 15 ரூபா வரைக்கும், மேல இருக்குற ரெண்டு மூணுதான் முக்கியம், அத எண்ணிப் பாருங்க.

விலைக்கு கேட்டலாக் பாக்கலாம், ஆனா அப்படியே கூட்டாதீங்க. ஸ்டாம்ப் சேக்குறவங்க பாக்குற கிப்பன்ஸ்ங்கிற விலைப் புத்தகத்துல ரொம்ப சாதாரண ஸ்டாம்ப்புக்கும் ஒரு குறைஞ்சபட்ச விலை போட்டிருப்பாங்க, அது கடைக்காரர் அத எடுத்து வச்சு எடுத்துக் குடுக்குற கூலி மாதிரி, ஸ்டாம்ப்போட மதிப்பு இல்ல. அந்த மாதிரி 40 ஸ்டாம்ப்ப கூட்டி கேட்டலாக் மதிப்பு இவ்ளோ, நான் பாதிக்கு தரேன்னு போடுவாங்க. ஈபேல வித்து முடிஞ்சத மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு, அதே மாதிரி பேஜ் உண்மைல எவ்ளோக்கு போயிருக்குன்னு அதுல பாருங்க. செல்லர் கேக்குற விலை வேற, ஆள் குடுத்த விலை வேற. ஏலம்னா தபால் செலவையும் சேத்து உங்க உச்ச விலைய முன்னாடியே பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, வெளிநாட்டு செல்லர்னா கஸ்டம்ஸும் வரலாம்.

காலி பேஜ் வாங்குறவங்களுக்கு ரெண்டு விஷயம், ஓட்டை, பிளாஸ்டிக். லைட்ஹவுஸ்ங்கிற ஆல்பம் கம்பெனியோட வேரியோ ஸ்டாக் பேஜ் 216க்கு 280 மிமீ, நாலு ரிங். அதே கம்பெனியோட பிரிண்ட் பண்ண ஆல்பத்துக்கு 13 ரிங். லிண்ட்னர்ங்கிற இன்னொரு கம்பெனி ஆல்பத்துக்கு 18. நம்ம ஸ்டேஷனரி கடை ஃபைல்ல இதெல்லாம் மாட்டாது, ஓட்டைக்கு ஓட்டை தூரம் வேற. ஓட்டைங்க பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ வாங்கிட்டா சண்டையே இல்ல. பிரிண்ட் பண்ண பேஜ்னா எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், நடுவுல பேஜ் நம்பர் எதுவும் விட்டுப் போயிருக்கான்னு கேளுங்க.

பிளாஸ்டிக்ல பயப்பட வேண்டியது மென்மையா வளையுற பிவிசி. அத வளையுற மாதிரி ஆக்க சேக்குற கெமிக்கல் வருஷக்கணக்கா வெளிய கசிஞ்சு வந்து ஸ்டாம்ப்போட இங்க்க இழுத்துடும், ஸ்டாம்ப் பிளாஸ்டிக்லயே ஒட்டிக்கும். தொட்டா பிசுபிசுப்பு, புது மழைக்கோட்டு வாசனை, இதுதான் அடையாளம். பாலிப்ரோப்பிலீன், பாலியஸ்டர், பாலிஸ்டைரீன் எல்லாம் பரவால்ல. வீட்லயே டெஸ்ட் பண்ணலாம், ஓரத்துல நகம் அளவு வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்ட தண்ணில அமுக்கி விடுங்க, மேல மிதந்து வந்தா அது பிவிசி இல்ல, பாலிப்ரோப்பிலீன் மாதிரி லேசான பிளாஸ்டிக், நம்பி யூஸ் பண்ணலாம். மூழ்குனா உடனே பிவிசின்னு சொல்ல முடியாது, பாலியஸ்டர், பாலிஸ்டைரீனும் மூழ்கும், அப்போ வாசனையும் பிசுபிசுப்பும் வச்சுத்தான் முடிவு, சந்தேகம்னா ஸ்டாம்ப் வைக்காதீங்க. வாங்குறதுக்கு முன்னாடின்னா என்ன மெட்டீரியல்னு கேளுங்க, தெரியாதுன்னு சொன்னா அந்த பேஜ் வேண்டாம், புதுசே வாங்கிடலாம்.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். வாட்ஸப், ஃபேஸ்புக் குரூப்ல யுபிஐல நேரா அனுப்புற காசுக்கு பாதுகாப்பு கிடையாது, அதனால புது ஆள்கிட்ட மொதல்ல சின்ன பேஜ் ஒண்ணு வாங்கிப் பாருங்க. காசு திருப்பித் தரேன், இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னு யாராவது சொன்னா அது திருட்டு, காசு வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல.

பேக்கிங் எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க, கேட்டா செய்வாங்க. பேஜ ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பேஜவிட பெருசா ரெண்டு கெட்டி அட்டை நடுவுல வச்சு, ரப்பர் பேண்ட் போடாம, டேப் அட்டைல மட்டும் படுற மாதிரி, சுருட்டாம. ஸ்பீட் போஸ்ட், ட்ராக்கிங் நம்பரோட. கோந்தோட இருக்குற புது ஸ்டாம்ப் பேஜ நான் ஐப்பசி கார்த்திகை மழைல வரவழைக்கிறதே இல்ல, பார்சல் ஒரு ராத்திரி ஈரத்துல கிடந்தா கோந்து இளகி பேஜ்லயே ஒட்டிக்கும், தை வரைக்கும் எடுத்து வைங்கன்னு செல்லர்கிட்ட சொல்லிடுவேன்.

வந்ததும் பிரிக்கிறத அட்ரஸ்ல இருந்து ஆரம்பிச்சு வீடியோ எடுங்க. உடனே உங்க ஆல்பத்துல சேக்காதீங்க, தனி டப்பால சிலிக்கா ஜெல் போட்டு மூணு நாலு வாரம் வைங்க, புள்ளி புதுசா வருதா, சில்வர்ஃபிஷ் பூச்சி ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் சேருங்க. ஹிஞ்ச் ஈரமா இருக்கும்போது இழுக்காதீங்க, நல்லா காஞ்சிருந்தாதான் ஸ்டாம்ப்ப கிழிக்காம பிரியும், பிரியலன்னா அப்படியே விட்டுடுங்க, ஹிஞ்ச் இருக்குறது குறை இல்ல, பின்னாடி பேப்பர் உரிஞ்சு போறதுதான் பெரிய குறை.

அப்புறம் ஸ்டாம்ப்ப எடுத்துட்டு பேஜ தூக்கிப் போடாதீங்க. போன வருஷம் வாங்குன ஒரு பேஜோட பின்பக்கத்துல பென்சில்ல தமிழ்ல எழுதியிருக்கு, எந்த ஸ்டாம்ப் யாருக்கு வந்த கடிதத்துல இருந்து எடுத்தது, எதுக்கு எவ்ளோ அணா குடுத்தார்னு. ஒரு ஸ்டாம்ப்புக்கு நேரா "அம்மா, தக்கலை"ன்னு மட்டும் இருக்கு. அந்த பேஜ நான் பிரிக்கவே இல்ல, பாலியஸ்டர் கவர்ல ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி போட்டு ஆல்பத்துல மொத பேஜா வச்சிருக்கேன்.